விரல் நுனியில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது?

ராத்திரி கரண்ட் போன நேரத்தில் செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் அழுத்தி மூடிப் பாருங்கள். விரல் இடுக்குகள் செக்கச்செவேல் என்று ஒளிரும். சின்ன வயதில் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டுதான். ஆனால் அந்தக் கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு கேள்விகள் எழும். டார்ச்சிலிருந்து கிளம்புவது வெள்ளை வெளிச்சம். மறுபக்கம் சிவப்பு மட்டும் வருவது ஏன்? விரலுக்குள் எலும்பு இருக்கிறது. அதன் நிழல் ஏன் விழவில்லை?

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தொடங்கி இதயத் தமனிக்குள் நுழையும் ஒளியிழை வரை, உடம்பை ஒளியால் சோதிக்கும் கருவிகள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அவற்றை எங்கே நம்பலாம், எங்கே சறுக்கும் என்பதும் தெரியும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சறுக்கலைப் பற்றிச் சொல்லத்தான்.

முதல் கேள்வி எளிது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் குடித்துவிடுகிறது. அலைநீளம் 600 நானோமீட்டரைத் தாண்டியதும் அதன் தாகம் சட்டென்று அடங்குகிறது. அதனால் சிவப்பும், அதற்கு அடுத்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் தப்பி வருகின்றன. அலைநீளம் இன்னும் கூடி 950ஐத் தாண்டினால் தண்ணீர் உறிஞ்ச ஆரம்பிக்கும். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தானே. ஆக ஒருபக்கம் ரத்தம் அடைக்கிறது, மறுபக்கம் தண்ணீர் அடைக்கிறது. நடுவே 650 முதல் 950 வரை ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது. ஆழமாகப் பார்க்க வேண்டிய கருவிகள் பெரும்பாலும் இந்த ஜன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்கின்றன.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் ஆழமானது. மார்கழி விடியலில் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: பனிமூட்டத்துக்குள் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் தெரியும், லாரி தெரியாது. வெளிச்சம் நம்மிடம் வந்து சேர்கிறது, ஆனால் எந்த வழியாக வந்தோம் என்பதை மறந்துவிட்டு வருகிறது. தசைக்குள்ளும் இதே கதைதான். செல்களின் சவ்வு, உட்கரு, நார்கள் என்று வழியெங்கும் சின்னச் சின்னத் தடங்கல்கள். சுமார் 0.1 மில்லிமீட்டர் போவதற்குள் ஒளித்துகள் ஒருமுறை திசை திரும்பிவிடும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் தான் எந்தப் பக்கம் கிளம்பினோம் என்பதே அதற்கு மறந்துவிடும். அந்த ஜன்னலுக்குள் இருக்கும் ஒளி அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சப்படுவதில்லை என்பதால், சாகாமல் பல சென்டிமீட்டர் அலைந்து திரிகிறது. எலும்பின் நிழல் விழாததற்குக் காரணம் இந்த அலைச்சல்தான். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வந்து நிழலை நிரப்பிவிடுகிறது.

ஆக, உடம்புக்குள் ஒளியைச் செலுத்துவதில் கஷ்டம் இல்லை. வழிதவறி வெளியே வரும் ஒளியிலிருந்து நமக்கு வேண்டிய சேதியை மட்டும் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு கருவியும் இதற்கு ஒரு தனி உபாயம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டையான மாட்டெலும்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சிவப்பு வெளிச்சம் எலும்பைத் தாண்டி வந்தது. இந்த எலும்பைத் தாண்டும் என்றால் மண்டையோட்டையும் தாண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. தலையைத் திறக்காமலே மூளை ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையை அகச்சிவப்பால் கண்காணிக்கலாம் என்ற அவருடைய ஆய்வு 1977இல் வெளிவந்தது. இதய அறுவை சிகிச்சையின்போது இன்று நோயாளியின் நெற்றியில் இரண்டு பட்டைகள் ஒட்டுகிறார்களே, அதற்கு மூலம் அந்த எலும்புத்துண்டு.

துடிக்கும் பங்கு

இனி பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயகி. 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது ஆக்சிஜனை அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்க, ரத்தக்குழாயில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காதுமடல் ரத்தத்தில் எப்படி நீர்த்துப் போகிறது என்பதை வெளிச்சத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் காதுமடலில் ரத்தம் கூடிக் குறைய, வரைகோடு ஏறி இறங்கிக் குழப்பியது. இரண்டு அலைநீளங்களில் அளந்து, ஒன்றை வைத்து இன்னொன்றின் துடிப்பை அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வேலை செய்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் மட்டும் கணக்கு பிசகியது.

அந்தப் பிசகுதான் தனக்கு வேண்டியது என்று அவர் கண்டுகொண்ட இடம் எனக்கு மிகவும் பிடித்தது. துடிப்பை இடைஞ்சல் என்று நினைத்து ஒழிக்கப் போனவர், ஆக்சிஜனைச் சொல்வதே அந்தத் துடிப்புதான் என்று புரிந்துகொண்டார். 1974இல் அதை வெளியிட்டார்.

காரணம் இது. விரல் வழியாக வரும் வெளிச்சத்தைத் தோல், எலும்பு, கொழுப்பு, சிரை ரத்தம் என்று எல்லாமே உறிஞ்சுகின்றன. இவை நொடிக்கு நொடி மாறுவதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் புதிதாக வந்து விரலைக் கொஞ்சம் புடைக்க வைப்பது தமனி ரத்தம் மட்டும்தான். மொத்த வெளிச்சத்தில் அந்தத் துடிக்கும் பங்கு பெரும்பாலும் 1, 2 சதவீதம். துடிக்காததை எல்லாம் தள்ளிவிட்டு, துடிப்பதை மட்டும் பார்த்தால் தமனி ரத்தத்தை மட்டும் பார்த்ததாக ஆகிறது. ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம்.

விரலில் மாட்டும் கிளிப்பைத் திறந்து வைத்து உள்ளே பாருங்கள். மேல் பக்கம் சின்னதாகச் சிவப்பு மினுங்கும். அதன் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விளக்கும் எரிகிறது. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை வாங்கும் சென்சார். சிவப்பு எரியும், அணையும். அகச்சிவப்பு எரியும், அணையும். இரண்டும் அணைந்திருக்கும் நேரத்தில் அறையின் ட்யூப்லைட் வெளிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளும். நொடிக்குப் பல நூறு முறை இது நடக்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின், ஆக்சிஜன் ஏறியதைவிட 660இல் சுமார் பத்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். 940இல் நிலைமை தலைகீழ். ஆக்சிஜன் ஏறியதுதான் கூட உறிஞ்சும். இரண்டு விளக்குகளின் துடிப்புப் பங்குகளையும் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். விகிதம் 1 வந்தால் ஆக்சிஜன் சுமார் 85 சதவீதம். விகிதம் குறையக் குறைய சதவீதம் ஏறும்.

சரி, 1 என்றால் 85 என்று யார் சொன்னது?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. இயற்பியல் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சரியான விடை வராது, ஏனென்றால் ஒளி உள்ளே நேராகப் போவதில்லை, அலைகிறது. அதனால் ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆய்வகத்தில் உட்கார வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் சொல்லி, படிப்படியாக 70 சதவீதம் வரை இறக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அளந்து, அந்த நேரம் கருவியில் வந்த விகிதத்தோடு பொருத்தி அட்டவணை போடுகிறார்கள். நம் விரலில் மாட்டும் கருவி அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. யாரையும் அதற்குக் கீழே இறக்குவது ஆபத்து என்பதால், 70க்குக் கீழே காட்டுவது நீட்டிப் போட்ட கோடு. நேரில் அளந்து பார்த்தது அல்ல.

அப்படியானால் திரையில் 96 என்று வரும்போது அதன் அர்த்தம், 'அந்தத் தன்னார்வலர்களின் விரலில் இந்த விகிதம் வந்தபோது அவர்கள் ரத்தத்தில் 96 இருந்தது' என்பதே. அவர்கள் யார், அவர்கள் தோல் எப்படிப்பட்டது என்பது உடனே முக்கியமாகிவிடுகிறது.

அப்பாவின் விரல்

2021 மே மாதம், கொரோனா நேரம். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல் ஆறாவது நாள். அவர் காலமெல்லாம் வெயிலில் நின்று வேலை பார்த்தவர். கை கருங்காலி மாதிரி இருக்கும். மணிக்கொரு தரம் விரலில் மாட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 95, 96, 95. அப்போது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த கோடு 94. அதற்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, மேலே இருந்தால் வீடு. நோட்டைப் பார்த்து நான் தைரியமாக இருந்தேன். அப்பா பாத்ரூம் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்தும், எண்ணைத்தான் நம்பினேன்.

நர்ஸாக இருக்கும் பெரியம்மா மகளுக்குப் போன் செய்தபோது அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருக்காத. சித்தப்பாவ ஆறு நிமிஷம் நடக்க வச்சுப் பாரு." கூடத்துக்கும் திண்ணைக்குமாக நடக்க வைத்தோம். நாலாவது நிமிடத்தில் எண் 89க்கு இறங்கியது. அன்று ராத்திரியே சேர்த்துவிட்டோம். அப்பா பத்து நாளில் வீடு திரும்பினார்.

அப்பா விஷயத்தில் கருவி தவறாகக் காட்டியதா, உட்கார்ந்திருக்கும்போது உண்மையிலேயே 95தான் இருந்ததா என்று இப்போது சொல்ல வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு தேடிப் படித்தபோது, 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் எடுத்த தமனி ரத்த மாதிரிகளை அவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். உண்மையில் 88க்கும் கீழே இருந்தவை, வெள்ளை நோயாளிகளின் அளவீடுகளில் 3.6 சதவீதம். கறுப்பு நோயாளிகளுடையவற்றில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. ரத்தம் ஆக்சிஜன் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கும், கருவி எல்லாம் நலம் என்று சொல்லும்.

இது ஏன் நடக்கிறது? கணக்குப்படி நடக்கவே கூடாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லை. துடிக்காததை எல்லாம் வகுத்தலில் அடித்துவிடுகிறோமே! ஆனால் நிஜத்தில் விளக்கு உமிழ்வது துல்லியமான 660 அல்ல, அதைச் சுற்றிய ஒரு பட்டை. மெலனின் அந்தப் பட்டையின் குறைந்த அலைநீளப் பக்கத்தைக் கூடுதலாக விழுங்குவதால், உள்ளே போகும் சிவப்பின் சாயலே கொஞ்சம் மாறிவிடுகிறது. அதோடு சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சமும் குறைகிறது. ரத்த ஓட்டம் பலவீனமாக இருக்கும் நோயாளியிடம் துடிப்பே மெலிந்திருக்கும்போது, இந்தப் பிசகு இன்னும் பெரிதாகத் தெரியும்.

இது திடீரென்று தெரியவந்த விஷயமும் அல்ல. 1990இலேயே இதைச் சுட்டிய ஆய்வு இருந்தது. அப்படியிருந்தும் 2013இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கொடுத்த வழிகாட்டுதலில், சோதனைக்கு எடுப்பவர்களில் கருமையான தோல் கொண்டவர்கள் குறைந்தது இரண்டு பேர், அல்லது 15 சதவீதம் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. பத்துப் பேரில் இரண்டு பேர்! 2025 ஜனவரியில் வந்த புதிய வரைவுதான் குறைந்தது 150 பேர் வேண்டும், தோலின் நிறத்தை முறையாக அளந்து எல்லா நிறத்தாரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. மாநிறத்திலிருந்து கன்னங்கரேல் வரை எல்லா நிறமும் ஒரே தெருவில் வாழும் நம் ஊரில், கடையில் வாங்கும் ஒரு கருவி யாருடைய விரல்களை வைத்துத் திருத்தப்பட்டது என்று பெட்டியின் மேல் எங்கும் எழுதியிருப்பதில்லை. எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நிறம் தவிர இன்னொரு கண்ணியும் உண்டு. தீ விபத்தில் புகை குடித்தவர்களிடம் இந்தக் கருவியை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு வெளிச்சத்துக்கு ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தெரியும். ஆள் மயங்கிக் கிடப்பார், திரையில் 99 இருக்கும்.

பச்சைக் குழந்தையின் நெற்றி

தோலின் நிறத்தைக் கருவி செய்பவர்கள் சமாளிக்கவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. முடியும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி, பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்க்கும் கருவி.

பிறந்த மூன்றாம் நாள், நாலாம் நாளில் பாதிக் குழந்தைகளுக்கு மேல் மஞ்சள் பூக்கிறது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஏறுகிறது. அளவு மீறினால் மூளையைத் தாக்கும். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் பழைய வழி. இப்போது நர்ஸ் டார்ச் மாதிரி ஒரு கருவியைக் குழந்தையின் நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலோ மெதுவாக அழுத்துகிறார். டிக் என்று ஒரு மின்னல். எண் வந்துவிடுகிறது. பிலிருபின் நீல ஒளியை, அதிலும் 460 நானோமீட்டருக்கு அருகில், விரும்பி உறிஞ்சும். திரும்பி வரும் வெளிச்சத்தில் நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது, பச்சை எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். 1980இல் ஜப்பானில் வந்த யோசனை இது.

பிறகு வந்த கருவிகளில் ஓர் அழகான திருத்தம் இருக்கிறது. முனையில் வெளிச்சம் வாங்கும் இழைகளை இரண்டு தூரங்களில் வைத்தார்கள். பக்கத்தில் இருப்பது தோலின் மேலடுக்கில் அலைந்த ஒளியை வாங்கும். தள்ளி இருப்பது கொஞ்சம் ஆழம் வரை போய் வந்த ஒளியை வாங்கும். இரண்டிலும் மேல்தோலின் மெலனின் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தோலின் நிறம் பெருமளவு அடிபட்டு, அடித்தோலில் படிந்த மஞ்சள் மிஞ்சுகிறது. ஒளி அலைகிறது என்பதையே அனுகூலமாக்கிக்கொண்ட உபாயம்.

இந்தக் கருவிக்கும் ஒரு சறுக்கல் உண்டு. அதன் வேர் 1956இல், இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்டு, இளவெயில் அடிக்கும் நாளில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார். ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் அழுத்தமான மஞ்சள். துணியின் நுனி மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட தோலில் மட்டும் மஞ்சள் கரைந்திருந்தது. இன்று குழந்தைகளை நீல விளக்கின் அடியில் படுக்க வைக்கும் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. 1958இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

விளக்கடியில் படுத்த குழந்தையின் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் பிலிருபின் அவ்வளவு வேகமாக இறங்காது. அந்த நேரத்தில் வெளுத்த தோலில் கருவியை வைத்தால் குறைவாகக் காட்டும். அதனால் சில இடங்களில் சிகிச்சை தொடங்கும் முன்பே தோலில் ஒரு சின்ன இடத்தை ஒளி புகாத ஒட்டுப்பட்டையால் மூடிவைத்து, பிறகு அங்கே அளக்கிறார்கள். சிஸ்டர் வார்டு பார்த்த அதே மஞ்சள் முக்கோணத்தை, வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்வது போல.

தமனிக்குள் ஒரு விளக்கு

இதுவரை பார்த்ததெல்லாம் அலைந்து வரும் ஒளியை மொத்தமாக வாங்கிச் சராசரி பார்க்கும் கருவிகள். படம் வேண்டும் என்றால் அது போதாது. அலையாமல் ஒரே முட்டலில் திரும்பி வந்த ஒளியை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஸ்கேனில் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணிக்கிறார்கள். ஒளியிலும் அப்படிச் செய்யலாமே? செய்யலாம், ஆனால் ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நேரமாக அளக்க எந்த மின்னணுக் கடிகாரத்தாலும் ஆகாது. அதைத் தாண்டிய வழிதான் ஓசிடி (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராஃபி). ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து ஒன்றை திசுவுக்கும் மற்றதைக் கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். இரண்டும் திரும்பி வந்து சேரும்போது, இரண்டும் கடந்த தூரம் சில மைக்ரோமீட்டருக்குள் ஒன்றாக இருந்தால்தான் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சேதி தரும். உள்ளே சுற்றியலைந்து தாமதமாக வந்த ஒளிக்குக் கண்ணாடிப் பக்கம் ஜோடி கிடைக்காது, ஒதுங்கிவிடும். அமெரிக்காவின் எம்ஐடியில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோர் இருந்த குழு 1991இல் இதை வெளியிட்டது. அந்த முதல் கட்டுரையிலேயே விழித்திரை ஒன்று, இதயத் தமனி ஒன்று என்று உடலிலிருந்து எடுத்த இரண்டு திசுக்களின் படங்கள் இருந்தன.

சர்க்கரை நோய்க்காகக் கண் ஆஸ்பத்திரி போனவர்களுக்கு விழித்திரை ஓசிடி பழக்கமானது. தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். சில நொடியில் விழித்திரையின் அடுக்குகள் இலை இலையாகத் திரையில் தெரியும். தமனியில் செய்வது இன்னும் சவாலானது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கதீட்டர் என்ற மெல்லிய குழாய்க்குள் ஒளியிழை படுவேகமாகச் சுழல்கிறது. ரத்தம் இருந்தால் ஒளி அதிலேயே சிதறிவிடும். எனவே சாய மருந்தைப் பாய்ச்சி ரத்தத்தைச் சில நொடிகள் ஒதுக்குகிறார்கள். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் இழையைப் பின்னால் இழுத்து, 5 முதல் 7 சென்டிமீட்டர் தமனியை உள்ளிருந்து படமெடுத்து முடித்துவிட வேண்டும்.

அப்படி என்ன தெரியும்? கொழுப்பு படிந்த இடத்தின் மேல் ஒரு நார்ச்சவ்வு மூடியிருக்கும். அது 65 மைக்ரோமீட்டரை விட மெலிந்திருந்தால், கிழிந்து ரத்தம் உறைந்து மாரடைப்பில் முடியும் வாய்ப்பு அதிகம். ஒரு தலைமுடியின் தடிமன்தான் அது. ஆஞ்சியோகிராமில் இது தெரியாது, குழாய்க்குள் விடும் ஒலி ஸ்கேனாலும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஓசிடிக்கு 10, 15 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டத் தெரியும். தமனி அடையாமல் இருக்க வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்பதும் கம்பி கம்பியாகத் தெரியும். பதிலுக்கு ஆழத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது.

திருச்சிக்காரரின் ஒளி

கடைசியாக ஒன்று. 1928 பிப்ரவரி 28. கல்கத்தாவில், திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் செய்த சோதனையில், திரவத்தில் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வருவது உறுதியானது. கோடி ஒளித்துகள்களில் ஒன்று அப்படி மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு மாறுகிறது என்பதை அந்த மூலக்கூறின் அதிர்வு தீர்மானிக்கிறது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் அது ஒரு கைரேகை.

அந்தக் கைரேகையை இன்று மூளை அறுவை சிகிச்சையில் தேடுகிறார்கள். கிளியோமா என்ற மூளைப் புற்றுக்கு ஓரம் கிடையாது. வேர் விட்டது போல நல்ல மூளைக்குள் கலந்து கிடக்கும். கண்ணுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விட்டால் திரும்ப வளரும், கூடுதலாக வெட்டினால் பேச்சோ கையசைவோ போய்விடும். 2015இல் கனடாவின் மான்ட்ரியலில் வெளியான ஆய்வில், பேனா போன்ற ஒரு ராமன் முனையை 17 நோயாளிகளின் மூளையில் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் 0.2 நொடி. புற்று எது, நல்ல திசு எது என்பதைச் சுமார் 92 சதவீதம் சரியாகப் பிரித்தது.

கோடியில் ஒன்றைப் பிடிக்கும் வேலை என்பதால் இதில் சிக்கல்களும் அதிகம். வெளிச்சத்தைக் கொண்டுபோகும் ஒளியிழையின் கண்ணாடியே தன் பங்குக்கு ஒரு ராமன் ஒளியை உண்டாக்கும். அதை வடிகட்ட முனையிலேயே குட்டி வடிகட்டிகள் வேண்டும். திசு தானாக மினுங்கும் ஒளி வேறு எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். அந்த மினுக்கத்தைக் குறைக்கத்தான் 785 நானோமீட்டர் லேசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எளிமையான மாற்று வழி ஒன்று ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், நீல வெளிச்சத்தில் புற்று மட்டும் சிவந்து ஒளிரும். ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இந்த ஒளிர்வை வைத்து வெட்டியபோது 65 சதவீத நோயாளிகளிடம் தெரியும் புற்று முழுவதையும் எடுக்க முடிந்தது. வழக்கமான முறையில் 36 சதவீதம்தான்.

இவ்வளவு சாத்தியம் என்றால், ஊசி குத்தாமல் ஒளியாலேயே சர்க்கரை பார்க்கும் வாட்ச் ஏன் வரக் கூடாது என்று கேட்பார்கள். விளம்பரங்களும் நிறைய வருகின்றன. ரத்தத்தில் சர்க்கரை 100 என்றால், எடையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹீமோகுளோபினைப் போல அதற்குத் தனித்த அழுத்தமான நிறமும் கிடையாது. தண்ணீரும் புரதமும் கொழுப்பும் அதே இடத்தில் பல மடங்கு உறிஞ்சுகின்றன. தோல் கொஞ்சம் சூடானாலே அதனால் வரும் மாற்றம் சர்க்கரையால் வருவதை விழுங்கிவிடும். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்குள் போய் ரசாயன முறையில் அளக்கிறது. ஒளியால் அளப்பதாகச் சொல்லும் வாட்சின் எண்ணைப் பார்த்து இன்சுலின் போடுவது உயிரோடு விளையாடுவது.

வீட்டில் அலமாரியில் கிடக்கும் ஆக்சிமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். நகப்பூச்சு, கருப்பு மருதாணி இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, மடியில் அசையாமல் வைத்து, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். திரையில் ஏறி இறங்கும் துடிப்புப் பட்டையைப் பாருங்கள். அது ஒழுங்காகத் துடிக்கவில்லை என்றால் மேலே இருக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று நான்கு புள்ளி இறங்கும்போது கண்ணில் படும். தோல் கருமையாக இருப்பவர்களுக்கு 94, 95 வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். அப்புறம், பேசும்போதே மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, 97 காட்டினாலும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.